மூன்று வகைப் பருமன்

ஆண்களின் ஆயத்த ஆடைக்கு அளவு பிறந்தது போரில். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சீருடை தைப்பதற்காகப் படைவீரர்களை அளந்தார்கள். மார்பு இத்தனை அங்குலம் என்றால் இடுப்பு ஏறத்தாழ இத்தனை என்று அதில் கிடைத்த ஒழுங்கு, போர் முடிந்ததும் ஆண்களுக்கான துணிக்கடைகளுக்கு வந்துசேர்ந்தது. பெண்களின் உடலை அந்நாட்டு அரசு விரிவாக அளக்க 1939 வரை ஆயிற்று. அதற்குள் பருத்த பெண்களை ஒரு தையற்காரியின் கடை அளந்து முடித்திருந்தது.

லீனா ஹிம்மல்ஸ்டைன், லிதுவேனியாவிலிருந்து நியூயார்க் வந்த யூதப் பெண். மணந்த நகை வியாபாரி பிரையன்ட் சீக்கிரமே இறந்துபோக, கையில் குழந்தையோடு நின்றவர், தோடுகளை அடகு வைத்துத் தையல் இயந்திரம் வாங்கினார். (இந்த இடத்தில் நம் வாசகிகளுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.) 1904இல் கடை வைத்தார். வங்கிப் படிவத்தில் ‘லீனா’ ‘லேன்’ என்று பிழையாகப் பதிய, கடை ‘லேன் பிரையன்ட்’ ஆயிற்று. கர்ப்பிணிகளுக்கு உடை தைத்து விற்றார். அதற்கு விளம்பரம் போட நாளிதழ்கள் கூசின. 1911இல்தான் ஒரு நாளிதழ் சம்மதித்தது. பிறகு கடை பருத்த பெண்களின் பக்கம் திரும்பியது.

இங்கேதான் எனக்கு முக்கியமான செய்தி இருக்கிறது. லீனாவின் இரண்டாம் கணவர் ஆல்பர்ட் மால்சின் பொறியாளர். கடைக்கு வந்த சுமார் 4,500 பெண்களை அளந்தார். ஆயுள் காப்பீட்டு நிறுவனமொன்றின் கோப்புகளில் இருந்த சுமார் 2,00,000 பெண்களின் விவரங்களையும் சேர்த்துப் பார்த்தார். பருத்த பெண்கள் ஒரே வகை அல்ல, மூன்று வகை என்று கண்டார்: உடல் முழுதும் பருத்தவர்கள், மார்பு சிறுத்து இடை பருத்தவர்கள், மார்பு பருத்து இடை இயல்பாக இருப்பவர்கள். பருத்த உடல், ஒல்லி உடலைப் பெரிதாக்கிய நகல் அல்ல என்பது நூறாண்டுக்கு முன்பே ஒரு கடைக்குத் தெரிந்திருந்தது. 1923இல் அதன் விற்பனை 50 லட்சம் டாலர். ஆனால் அதே கடையின் விளம்பரங்கள், எங்கள் உடையில் மெலிந்து தெரிவீர்கள் என்றே ஆசை காட்டின. துணி உடலுக்குப் பொருந்தியது. கூச்சத்தை மட்டும் அவிழ்க்கவில்லை.

1939-40இல் அமெரிக்க வேளாண் துறையின் ரூத் ஓ’பிரையனும் வில்லியம் ஷெல்டனும் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்து ஆராய்ந்தார்கள். கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள் வெள்ளையினப் பெண்கள் மட்டுமே. கறுப்பினப் பெண்ணின் தோளும் இடையும் அட்டவணைக்கு வெளியே நின்றன. இந்தத் தரவை அடிப்படையாகக் கொண்டு 1958இல் அரசு ஓர் அளவுத் தரத்தை வெளியிட்டது. கடைப்பிடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 1983இல் அதையும் விலக்கிக்கொண்டார்கள். அதன்பின் அவரவர் வைத்ததே அளவு. வாங்குபவள் மகிழட்டும் என்று எண்களைக் குறைத்துக்கொண்டே வந்ததில், 1958இன் 16, அரை நூற்றாண்டில் ஏறத்தாழ 8 ஆகிவிட்டது.

எண்ணை விடுங்கள், வெட்டைப் பாருங்கள். நிறுவனங்கள் பொதுவாக ஒரு நடுத்தர அளவுக்கு பேட்டர்ன் வரைந்து, ஒவ்வோர் அளவுக்கும் குறிப்பிட்ட அங்குலம் கூட்டிக்கொண்டே போகின்றன. கிரேடிங் என்பது இதுதான். ஓரிரு அளவு தள்ளும்வரை பிழை தெரியாது. நான்கைந்து தாண்டினால், எலும்பால் ஆன தோளும் சதையால் ஆன வயிற்றோடு சேர்ந்து வளர்ந்துவிடும், கழுத்து அகன்று சரியும், கைக்குழி இறங்கும், மேற்கை மட்டும் இறுக்கும். மால்சினின் மூன்று பெண்களும் மீண்டும் ஒருத்தியாகிவிடுகிறார்கள்.

சேலைக்கு அளவில்லை என்று பெருமை பேசும் நம்மிடமும் ரவிக்கைக்கு அளவு உண்டு. ஆனால் ‘அளவு ஜாக்கெட்’டைப் பையில் போட்டுக்கொண்டு டெய்லரிடம் போகும் வழக்கத்தில், உடல்தான் மூலம், துணி அதைப் பின்பற்றும். ரெடிமேட் குர்த்தியில் இது தலைகீழ். சென்ற ஆண்டு ஒரு கடையில் டிரையல் ரூமுக்கு வெளியே நின்ற பெண் என்னிடம் கனிவாகவே சொன்னாள்: “உங்க பாடிக்கு இது செட் ஆகாது மேடம்.” குர்த்தி என் உடலுக்குச் சரியாக வெட்டப்படவில்லை என்ற செய்தியை, அதே சொற்களில் என் உடல் மேல் ஏற்றிவிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்பவள், பழகிய வாக்கியத்தைச் சொன்னாள். அதே தளத்தில் நைட்டிகள் ‘ஃப்ரீ சைஸ்’ என்ற சீட்டோடு தொங்கின. அந்தச் சொல்லில் எனக்குத் தெரிந்து எந்த விடுதலையும் இல்லை.

இப்போது இணையத்தில் வாங்கினால் திருப்தியா என்று கேட்கிறார்கள். பொருந்தியதா என்ற கேள்விக்கு மூன்று விடைகள்: சிறியது, சரி, பெரியது. போன மாதம் வந்த குர்த்தி தோளில் பெரியது, கையில் சிறியது. படிவத்தில் ஒன்றைத்தான் தொட முடிந்தது.