பேனாப் பிடி

நூற்றாண்டு மலருக்குப் பாடசாலையின் விளையாட்டு வரலாற்றிலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தினர் கேட்டார்கள். வலைப்பந்தைப் பற்றியும் இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்டபத்து மூலையில் கிடந்த மேசைப்பந்து மேசைதான். அதிலும், மட்டையைப் பிடிக்கும் ஒரு விதத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அது ஒரு சிறிய விடயம். ஆனால் ஐம்பது வருடமாக என் கையைவிட்டுப் போகவில்லை.

நான் ஓட்டமாவடிப் பிள்ளை. எங்கள் ஊரிலிருந்து மட்டக்களப்புக்கு வருவதென்றால், ரயிலும் பஸ்ஸும் ஒன்றையே நம்பியிருந்த அந்தப் பழைய இரும்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். ரயில் வருகிறதென்றால் பஸ் காத்து நிற்கும். வாப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் எழுதுவினைஞராக இருந்தார். 1973இல் என்னை விடுதியில் சேர்த்துவிட்டுப் போனார்.

அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் என்பது என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். துணிக்கும் வரிசை, பாணுக்கும் வரிசை. மேசைப்பந்துக்கு மட்டை எங்கே கிடைக்கும்? மண்டபத்தில் நாலு மட்டைகள் இருந்தன. பந்து நெளிந்துவிட்டால் விடுதிக் குசினியில் கொதிநீர் கேட்டு வாங்கி அதற்குள் போடுவோம், உள்ளே இருக்கும் காற்று விரிந்து நெளிவு எடுபடும். நல்ல மூன்று மட்டைகளும் பெரிய வகுப்பு அக்காமாருக்கு. நாலாவதன் பிடி பிளந்து, இறப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. அதைக் கைப்பிடியில் பிடித்து அடித்தால் ஆடும். ஆகவே நான் கழுத்தோடு சேர்த்துப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கவ்விப் பிடித்தேன். மற்ற மூன்று விரல்களும் பின்னால் போயின. பேனாவைப் பிடிப்பதுபோல இருந்தது. அதற்கு உலகத்தில் ஒரு பெயர் உண்டென்றோ, அதே பிடியோடு உலகக் கிண்ணங்களைத் தூக்கியவர்கள் இருக்கிறார்கள் என்றோ எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான்: என் சேர்விஸை எடுக்க அக்காமாரால் முடியவில்லை. மணிக்கட்டு எந்தப் பக்கமும் திரும்பியது. பந்து மேசையில் பட்டதும் ஓணானைப் போலத் திடீரென்று பக்கவாட்டில் ஓடியது.

பிறகு அணித் தெரிவு வந்தது. பழக்கியவர் என் கையைப் பார்த்துவிட்டு, “இது பிழையான பிடி. பேனா பிடிக்கிறமாதிரி மட்டையைப் பிடிக்கிறதா? மாத்தினால் இடம், இல்லாட்டி இல்லை” என்றார். மாற்றினேன். இடம் கிடைத்தது. சேர்விஸ் போய்விட்டது.

அவர் பிழை என்றது சரிதானா என்று தேடத் தொடங்கியது வெகுகாலம் கழித்துத்தான். தேடியதை இங்கே எழுதுகிறேன்.

மட்டையைப் பிடிப்பதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, ஒருவரோடு கைகுலுக்குவதுபோலக் கைப்பிடியை உள்ளங்கையில் வாங்கிக்கொள்வது. ஐரோப்பாவில் பெரும்பாலானவர்கள் ஆடியது இப்படித்தான். இதில் வலப்புறம் வரும் பந்தை மட்டையின் ஒரு முகத்தாலும், இடப்புறம் வருவதை மறுமுகத்தாலும் அடிக்கலாம். மற்றது பேனாப் பிடி. மட்டை தலைகீழாகத் தொங்கும். இரண்டு பக்கத்துப் பந்துக்கும் ஒரே முகம்தான். பின்முகம் அந்தக் காலத்தில் வெறும் பலகை. சீனர் பின்னாலுள்ள மூன்று விரல்களையும் மடக்கி வைத்தார்கள். ஜப்பானியர் அவற்றை நீட்டி, நீள்சதுரமான, இலேசான மட்டையின் முதுகில் ஊன்றினார்கள்.

இந்தப் பிடியின் நன்மை மணிக்கட்டில் இருக்கிறது. முன்கை அடி சாட்டைபோல வரும், சேர்விஸை எப்படியும் வெட்டலாம். உடம்புக்கு நேரே வரும் பந்தை எந்த முகத்தால் அடிப்பது என்று கைகுலுக்கல் பிடிக்காரர் ஒரு கணம் தடுமாறுவார்கள், இங்கே அந்தத் தடுமாற்றம் இல்லை. தீமை புறங்கையில். இடப்பக்கம் வரும் பந்தைத் தடுத்துத் தள்ளலாம், ஆனால் சுழற்றி அடிக்க மணிக்கட்டு இடம் கொடுக்காது. ஆகவே கால்தான் கைக்குப் பதில் வேலை செய்ய வேண்டும். இடது மூலைக்கு ஓடி, சுற்றி நின்று, முன்கையாலேயே அடிக்க வேண்டும்.

சாப்பாட்டுக் குச்சி பிடித்துப் பழகிய கைகளுக்கு இது இயல்பாக வந்தது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. 1971இல் மகளிர் ஒற்றையர் உலகச் சம்பியனான சீனத்து லின் ஹுயிசிங் கைகுலுக்கல் பிடிக்காரி. அவரும் குச்சியால்தானே சாப்பிட்டிருப்பார்! என் கைக்கு அந்தப் பிடி வந்தது உடைந்த மட்டையால். சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிற கை அது.

பேனாப் பிடி உலகத்தை உலுக்கியது நமக்குப் பக்கத்தில்தான். 1952 பெப்ரவரியில் உலகப் போட்டிகள் முதன்முதலாக ஆசியாவுக்கு வந்தன, பம்பாய்க்கு. 1926இல் லண்டனில் தொடங்கிய போட்டி அது. ஹங்கேரியின் மரியா மெட்னியான்ஸ்கி மகளிர் ஒற்றையரை முதல் ஐந்து முறையும் தானே வென்றவர் என்பதிலிருந்து, அது எவ்வளவு தூரம் ஐரோப்பியர் வீட்டு விளையாட்டாக இருந்தது என்று ஊகிக்கலாம். பம்பாய்க்கு ஜப்பான் முதல் தடவையாக வந்தது. கண்ணாடி போட்ட, மெலிந்த ஹிரோஜி சாத்தோ பேனாப் பிடியோடு நின்றார். மட்டையில் தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டியிருந்தது. அதுவரை புள்ளி இறப்பர் மட்டையில் பந்து பட்டால் ‘டொக்’ என்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டே பந்தின் வேகத்தை மட்டுக்கட்டிப் பழகியவர்களுக்கு, சாத்தோவின் மட்டை ஊமையாக இருந்தது. இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் யோசெஃப் கோச்சியானை வென்று உலகச் சம்பியனானார்.

ஆண்களின் கதையாகவே இதைச் சொல்லிவிடுகிறார்கள். அதே பம்பாயில் மகளிர் அணிக்குரிய கோர்பியோன் கிண்ணத்தையும், மகளிர் இரட்டையரையும் ஜப்பானியப் பெண்கள் முதல் வருகையிலேயே வென்றார்கள். இரட்டையர் வென்ற ஷிசுகி நரஹராவையும் தோமியே நிஷிமுராவையும் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜப்பானின் வெற்றியெல்லாம் ஸ்பொஞ்சின் சாமர்த்தியம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1959இல் வெறும் ஸ்பொஞ்ச் மட்டைக்குத் தடை வந்தது. இறப்பர் ஒட்டிய ஸ்பொஞ்சுக்கும் மொத்தம் 4 மில்லிமீற்றர் என்று எல்லை போட்டார்கள். ஆனால் பிடி ஓயவில்லை. அதற்கு முன்பே இச்சிரோ ஒகிமுரா அதே பிடியோடு 1954இலும் 1956இலும் சம்பியனாகியிருந்தார். 1959இல் டோர்ட்முண்டில் ரொங் குவோதுவான் வென்றார். ஹொங்கொங்கில் பிறந்து சீனாவுக்குப் போனவர், பேனாப் பிடிக்காரர். எந்த விளையாட்டிலும் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அப்படிப்பட்டவர் கலாசாரப் புரட்சியில் துன்புறுத்தப்பட்டு, 1968இல், முப்பது வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மேசைப்பந்து வரலாறு எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள்.

அவருக்குப் பின் வந்த ஷுவாங் செதொங் மூன்று முறை உலகச் சம்பியன். அவருக்கும் இதே பிடி. 1971இல் நகோயாவில் சீன அணியின் பஸ்ஸில் தவறி ஏறிய அமெரிக்க வீரருக்குப் பட்டுத்துணிப் படம் ஒன்றைப் பரிசளித்தவர் அவர்தான். சில நாட்களில் அமெரிக்க அணி பீக்கிங் போனது. நம் நாட்டில் ஏப்ரல் கிளர்ச்சி நடந்த அதே மாதம். ‘பிங்பொங் இராஜதந்திரம்’ என்று பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகும் இரண்டு மூன்று வருடம் கழித்து எனக்கு ‘பிழையான பிடி’ என்று சொல்லப்பட்டது என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். பழக்கியவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. என் இடப்பக்கம் ஓட்டையாகத்தான் இருந்தது. அதை அடைக்க ஓட வேண்டும், நீளப் பாவாடையோடு மண்டபத்து மூலையில் எவ்வளவுதான் ஓடுவது? ஆனால் ஓட்டையை அடைப்பதற்குப் பிடியையே எறிந்துவிட வேண்டியதில்லை. இதைக் காட்டியவர்கள் அந்தப் பிடியை வைத்திருந்தவர்களேதான். சீனத்து லியூ குவோலியாங் 1990களில் மட்டையின் பின்முகத்திலும் இறப்பர் ஒட்டி, மணிக்கட்டை உள்ளே திருப்பி, அந்தப் பின்முகத்தாலேயே புறங்கைப் பந்தைச் சுழற்றி அடித்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் அவருக்கு. பின்னால் வந்த வாங் ஹாவோ புறங்கைப் பக்கம் முழுவதையும் இந்த அடியாலேயே ஆடினார். ஐம்பது வருடமாக வெறும் பலகையாகக் கிடந்த பக்கம் அது. இவ்வளவு காலமும் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று கேட்கத் தோன்றும். தோன்றியிருக்கும், ஆனால் பழக்கியவர்கள் விட்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

இன்னொன்றையும் பிந்தித்தான் அறிந்தேன். கைகுலுக்கல் பிடிக்காரர்களிலும் பெரிய ஆட்டக்காரர் பலர் சேர்விஸ் போடும்போது மட்டும் மூன்று விரல்களைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மட்டையைக் கவ்விக்கொள்கிறார்கள். மணிக்கட்டை விடுவிப்பதற்காக. பந்து போனதும் பழைய பிடிக்குத் திரும்பிவிடுவார்கள். அதாவது, பிடியை மாற்றிய பிறகும் என் சேர்விஸை நான் வைத்திருந்திருக்கலாம். ஒரு விநாடி வேலை. சொல்லித்தர அன்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பெண்களில் இந்தப் பிடிக்கு உச்சம் 1980களும் 90களின் தொடக்கமும். சீனத்து சாவோ யென்ஹுவா 1983இலும் 1985இலும் உலகச் சம்பியன். தென்கொரியாவின் ஹியூன் ஜுங்-ஹ்வா 1988 சோல் ஒலிம்பிக்கில் இரட்டையர் தங்கம் வென்றார். 1991இல் ஜப்பானின் சிபாவில் இரண்டு கொரியாக்களும் ஒரே கொடியின் கீழ் ஒரே அணியாக ஆடின. பேச்சு நடத்தி அதைச் சாத்தியமாக்கியவர் நான் மேலே சொன்ன ஒகிமுராதான், அப்போது உலக மேசைப்பந்துச் சம்மேளனத்தின் தலைவர். ஹியூனும் வடக்கின் லீ புன்-ஹுயியும் இருந்த அந்த மகளிர் அணி, 1975இலிருந்து தொடர்ந்து எட்டு முறை வென்றிருந்த சீனாவைத் தோற்கடித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, 1990க்குப் பிறகு நம் பக்கத்தில் பக்கத்து ஊர்களுக்கிடையே பாதைகள் எப்படி இருந்தன என்பது நினைவுக்கு வராமல் இருக்கவில்லை. 1993இல் ஹியூன் ஒற்றையரையும் வென்றார். அதன் பிறகு பேனாப் பிடியோடு ஒரு பெண்ணும் ஒற்றையர் உலகச் சம்பியனாகவில்லை. ஆண்களில் 2009இல் வென்ற வாங் ஹாவோ கடைசி.

பந்து 2000ஆம் ஆண்டில் 38 மில்லிமீற்றரிலிருந்து 40 ஆகப் பெரிதாக்கப்பட்டது. சுழலும் வேகமும் குறைந்தன, ஒரே அடியில் முடிவது குறைந்து, இரு பக்கமும் மாறி மாறி அடிப்பது கூடியது. பழக்கும் நிலையங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாளே கைகுலுக்கல் பிடியைத்தான் கொடுக்கிறார்கள். அழிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் பேனாப் பிடியோடு வெண்கலம் வென்ற பெலிக்ஸ் லெப்ரன் அப்போது 17 வயதுப் பிரெஞ்சுப் பிள்ளை.

ஆனால் நான் இரவு விழித்திருந்து பார்த்தது வேறொருவரை. நீ சியா லியென், 1963இல் பிறந்தவர், ஏறக்குறைய நம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. 1983இல் சீனாவுக்காக உலகப் பட்டம் வென்று, பின் லக்சம்பேர்க் நாட்டுக்குப் போய்க் குடியேறியவர். இடதுகைப் பேனாப் பிடி. 2021இல் டோக்கியோவில், தன்னைவிட 41 வயது இளைய கொரியப் பிள்ளையோடு ஏழு ஆட்டம்வரை போய்த் தோற்றார். பரிஸுக்கு 61 வயதில் திரும்பவும் வந்தார், முதல் சுற்றை வென்றார். அதிகம் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, மணிக்கட்டை ஒரு சுண்டுச் சுண்டி, எதிரியைத்தான் ஓடவைத்தார். பக்கத்தில் இருந்த பேத்தி, “உம்மும்மா, உங்கட கை ஏன் அப்பிடித் திரும்புது?” என்று கேட்டாள். என் மடியில் இருந்த கை தானாகவே பேனாப் பிடிக்குப் போயிருந்தது.

நம் மண்டபத்துக் கூரை 1978 நவம்பர் சூறாவளியில் போனதும், மேசை மழையில் ஊறிப் பலகை பலகையாகப் பிரிந்ததும் பின்னால் வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். நாலாவது மட்டை என்னவானதென்று ஒருவரும் சொல்லவில்லை. 1975ஆம் வருட அணியின் படம் ஒன்று எடுத்தோம். மண்டப வாசற்படியில் ஆறு பேர். எல்லோரும் மட்டையை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், ஆகவே யாருக்கு எந்தப் பிடி என்று அதில் தெரியாது. என்னிடமிருந்த பிரதி இடம்பெயர்வில் போய்விட்டது. கனடாவிலோ லண்டனிலோ கல்முனையிலோ உங்களில் யாரிடமாவது அந்தப் படம் இருந்தால் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். இடமிருந்து இரண்டாவதாக நிற்பது நான்.