ஸ்பேர் பார்ட்ஸ் பஞ்சாயத்து: 1850லிருந்து

வண்டி வச்சிருக்கிற எல்லார் வீட்டிலும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது நடக்கிற பட்டிமன்றம் இது. கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே விடலாமா, தெருமுனைப் பட்டறையில் விடலாமா, இல்லை சாமானை வாங்கி நாமே மாட்டிக்கலாமா? ஏர் ஃபில்டர் மாத்தினதுக்குத் தனியா லேபர் சார்ஜ் போட்ட பில்லைப் பார்த்தவர்களுக்கு (நாலு கிளிப்பு, ரெண்டு நிமிஷ வேலை மக்களே!) இந்தக் கேள்வி கண்டிப்பா வந்திருக்கும்.

இது நம்ம காலத்துத் தலைவலின்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல தோண்டிப் பார்த்தா, கார் என்ற ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்னாடியே இந்தப் பஞ்சாயத்து கோர்ட் ஏறியிருக்கிறது.

அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் என்பவர் மரப்பலகை இழைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். நம்ம ஆசாரிகள் கையால் தள்ளும் இழைப்புளி வேலையை எந்திரம் செய்யும். எந்திரம் வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் அதிலுள்ள கத்திகள் ரெண்டு மூணு மாசத்தில் தேய்ந்துவிடும். எந்திரத்தை வாங்கியவர் கத்தியைத் தானே செய்து மாட்டிக்கொள்ளலாமா, இல்லை ஒவ்வொரு முறையும் காப்புரிமைக்காரரிடம் போய் நிற்க வேண்டுமா? 1850ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 'வில்சன் எதிர் சிம்சன்' வழக்கில் தீர்ப்பு சொன்னது. தேய்கிற பாகத்தை மாற்றுவது ரிப்பேர்தான், புதுசா எந்திரம் செய்வது ஆகாது, தாராளமா மாட்டிக்கோ என்று. இன்றைக்கு வரைக்கும் நடக்கிற சண்டைக்கெல்லாம் இந்தக் கத்திதான் ஆரம்பம்.

அப்புறம் 1908ல் ஃபோர்டு மாடல் டி வந்தது. இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லியே ஆகணும். எல்லோரும் இதை அசெம்பிளி லைனுக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு என்னமோ இது ரிப்பேருக்காகவே பிறந்த வண்டியாகத் தெரிகிறது. நாலு சிலிண்டரும் ஒரே வார்ப்பு, மேலே ஹெட் தனியாகக் கழன்று வரும். இன்றைக்கு இது சாதாரணம், அன்றைக்கு இது பெரிய சங்கதி. போல்ட்டைக் கழட்டி ஹெட்டைத் தூக்கினால் வால்வும் பிஸ்டனும் கண்ணுக்கு முன்னாடி நிற்கும். விவசாயிக்குத் தன் கொட்டகையில் வைத்தே கரி சுரண்டி, வால்வு தேய்த்து மறுபடி மூடிவிட முடியும். கியர் மாற்றுவதற்கு உள்ளே பட்டைகள் இருக்கும், அவை தேயும். மூடியைத் திறந்து பட்டையை மாற்றணும். கை அழுக்காகும், முதுகு வலிக்கும், ஆனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

(இன்னொரு வேடிக்கை. பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில், பம்ப் கிடையாது, தானாக வழிந்து போய் எஞ்சினுக்குச் சேரணும். அதனால் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் நின்றுவிடும். என்ன பண்ணுவார்கள்? வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்கள் :-))

850 டாலரில் ஆரம்பித்த விலை 1925ல் ரெண்டு பேர் உட்காரும் மாடலுக்கு 260 டாலருக்கு இறங்கியது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து தள்ளினார்கள். அத்தனை வண்டியிலும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதால் ஃபோர்டு டீலரைத் தாண்டி வெளியிலும் பெரிய சந்தை உருவானது. சியர்ஸ் ரோபக் மாதிரி தபால் வியாபாரக் கம்பெனிகளின் கேட்டலாக்கிலேயே மாடல் டிக்கான சாமான் வாங்கலாம். விவசாயிகள் அதோடு விடவில்லை. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுக்கவும் தானியம் அரைக்கவும் அதையே மோட்டாராக வைத்துக்கொண்டார்கள். நம்ம ஊரில் டீசல் எஞ்சினை வைத்துச் செய்த ஜுகாட் வேலைகள் எல்லாம் ஞாபகம் வருதா?

இதைக் கேட்டால் பொற்காலம் மாதிரித் தோணும். இல்லை. எல்லாராலும் ஸ்பானர் பிடிக்க முடியாது, பிடிக்க நேரமும் இருக்காது. அவர்கள் பட்டறைக்குத்தான் போகணும். பட்டறைகளின் லட்சணத்தை 1941ல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை சோதித்துப் பார்த்தது. வேலை ரொம்ப எளிது: நல்லா ஓடுகிற வண்டியில் இக்னிஷன் காயிலின் ஒரு வயரை மட்டும் கழட்டி விட்டுவிட்டு, பட்டறைக்குள் போய் 'என்னன்னு தெரியலை, கொஞ்சம் பாருங்க' என்று நிற்பது. அமெரிக்கா பூரா சுற்றி 347 பட்டறைகள். அதில் 129 பேர் வயரைப் பார்த்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் 218 பேர் கூடுதலாகப் பணம் வாங்கினார்கள், தேவையில்லாத வேலை செய்தார்கள், செய்யாத வேலைக்கு பில் போட்டார்கள். நூற்றுக்கு 63 பேர்! வாடிக்கையாளருக்கு மெஷின் தெரியாது என்பது மெக்கானிக்குக்குத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். நாமே செய்வதில் மிச்சமாகிற காசு ஒரு பக்கம். கழன்ற வயர் எது என்று தெரிந்து வைத்திருப்பதே தனி லாபம் என்பது என் கட்சி.

கம்பெனிகள் பிடித்துக்கொண்டது சரியாக இந்த அவநம்பிக்கையைத்தான். 'வெளியில் போனால் ஏமாத்துவான், எங்க டீலர்கிட்ட வா, ஜென்யூன் பார்ட்ஸ் தருவான்.' ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களிடம் எழுதி வாங்கியிருந்த ஒப்பந்தத்தில், செவர்லே, ப்யூக் வண்டிகளுக்கு வேறு ஆள் செய்த பாகத்தை விற்கவோ மாட்டவோ கூடாது என்று ஒரு ஷரத்து. பிக் மேனுஃபாக்சரிங் என்ற உதிரிபாகக் கம்பெனி வழக்குப் போட்டது. மட்டமான பாகம் மாட்டி வண்டி நின்றால் கெட்ட பேர் பாகம் செய்தவனுக்கு இல்லை, வண்டிக் கம்பெனிக்குத்தான் என்ற வாதம் எடுபட்டது. 1936ல் சுப்ரீம் கோர்ட்டும் ஜெனரல் மோட்டார்ஸ் பக்கமே நின்றது. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஷரத்து மட்டமான பாகத்தை மட்டும் தடுக்கவில்லை, நல்ல பாகத்தையும் சேர்த்தே தடுத்தது.

1961ல் காற்று மாறியது. மேலே துணிக்கூரை மடக்குகிற கன்வெர்டிபிள் கார்கள் இருக்கே, அந்தத் துணி மூணு வருஷத்தில் நைந்துவிடும். கூரை மடிப்பு மொத்த அமைப்புக்கும் காப்புரிமை உண்டு, துணிக்கு மட்டும் தனியாகக் கிடையாது. ஏரோ என்ற கம்பெனி மாற்றுத் துணி தைத்து விற்றது. காப்புரிமைக்காரர்கள் பாய்ந்தார்கள். கோர்ட் 1850 கத்தி வழக்கைத் தூசு தட்டி எடுத்து, துணி மாற்றுவதும் ரிப்பேர்தான் என்று விட்டுவிட்டது. இதில் ஒரு கிளைக்கதை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காப்புரிமைக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தது, ஃபோர்டு அந்த 1952-54 வண்டிகளுக்கு வாங்கவில்லை. அதனால் 1964ல் வந்த ரெண்டாவது தீர்ப்பில், ஃபோர்டு வண்டிக்குத் துணி மாற்றியது மட்டும் கொஞ்ச காலத்துக்கு மீறல் ஆகிவிட்டது! ஒரே துணி, ஒரே ஊசி, வண்டி மட்டும் வேற.

1975ல் மேக்னசன்-மாஸ் சட்டம் வந்தது. எங்க பிராண்ட் பாகம் போட்டால்தான் வாரண்டி என்று கம்பெனி நிபந்தனை போடக்கூடாது, அந்தப் பாகத்தை இலவசமாகக் கொடுத்தால் ஒழிய.

சரி, பிரச்சினை முடிஞ்சுதா? அங்கதான் நம்ம சாதிசனம் உள்ளே நுழைகிறது. அதாங்க, சாஃப்ட்வேர். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் எல்லாக் காரிலும் ஓபிடி-2 சாக்கெட் கட்டாயம் ஆனது. நல்ல விஷயம்தான், ஆனால் அது புகை சம்பந்தப்பட்ட கோளாறுகளைப் பொதுவில் வைக்கத்தான். மற்ற பெட்டிகளோடு பேச அவரவர் கம்பெனியின் கருவி வேணும். ஸ்பானர் யாரிடமும் இருக்கும், பாஸ்வேர்ட் இருக்காது. 2012ல் மாசசூசெட்ஸ் மக்கள் ஓட்டுப் போட்டு, டீலருக்குத் தருகிற தகவலை வெளிப் பட்டறைக்கும் தரணும் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். டிராக்டரில் இன்னும் கொடுமை. விவசாயிக்கு வண்டிக்குள் இருக்கும் மென்பொருள் சொந்தமில்லை, வண்டி ஓடுகிற வரை பயன்படுத்த அனுமதி மட்டும்தான் என்று ஜான் டியர் கம்பெனி 2015ல் பதிப்புரிமை அலுவலகத்துக்கே எழுதிக் கொடுத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் அதன்மேல் வழக்குப் போட்டது. மாடல் டியில் ரம்பம் ஓட்டிய விவசாயியின் பேரப்பிள்ளைகள் இவர்கள்!

இப்போ நம்ம ஊர். 2011ல் ஒரு கார் உரிமையாளர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் மூன்றின் மேல். உதிரிபாகம் வெளிச்சந்தையில் கிடைக்கவில்லை, டீலரிடம் போனால் வைத்ததுதான் விலை என்று. விசாரித்த ஆணையம் வலையை விரித்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம். டாடாவுக்கு மட்டும் 1,346.46 கோடி, மாருதிக்கு 471.14 கோடி, மஹிந்திராவுக்கு 292.25 கோடி.

ஆணையம் கண்டுபிடித்த வித்தையைக் கவனியுங்கள். பல பாகங்களைக் கார் கம்பெனி செய்வதே இல்லை, வேறு ஒரு தொழிற்சாலை செய்து கொடுக்கிறது. அந்தத் தொழிற்சாலை அதே பாகத்தை நேராகக் கடையில் விற்கக்கூடாது என்று ஒப்பந்தம். டயக்னாஸ்டிக் கருவி வெளிப் பட்டறைக்குக் கிடையாது. வெளியில் கை வைத்தால் வாரண்டி காலி. மூன்று பக்கமும் பூட்டு. கார் வாங்கும்வரை நமக்குப் பத்துக் கம்பெனி போட்டி போடும். வாங்கியபின் ஒரே ஒரு கடைதான். அதே 2014ல் சீனாவில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பென்ஸ் சி-கிளாஸ் ஒன்றை முழுக்க உதிரிபாகமாகவே வாங்கினால் புது கார் விலையைப் போல 12 மடங்குக்கு மேல் ஆகுமாம்.

கம்பெனிகள் பாதுகாப்பைக் காரணம் காட்டின. தேர்ச்சி இல்லாதவன் பிரேக்கில் கை வைத்தால் யார் பொறுப்பு? நானும் ஏர்பேக் பக்கம் போக மாட்டேன், போகச் சொல்லவும் மாட்டேன். ஆனால் வைப்பருக்கும் பேட்டரிக்கும் ஃபில்டருக்கும் அதே பூட்டு எதுக்கு? ஆணையமும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பாகமும் கருவியும் வெளியில் கிடைக்கணும். வெளியில் விட்டதாலேயே வாரண்டி போகாது, வெளி ரிப்பேரால் கெட்டதென்றால் மட்டும்தான் மறுக்கலாம் என்றது. அப்புறம் வழக்கம்போல அப்பீல். ஹூண்டாய் ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று மெட்ராஸ் ஹைகோர்ட் வரை வந்தது; 2015 ஜூலையில் அதற்கும் 420.26 கோடி விழுந்தது. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் மூன்றின் மேலும் குற்றம் சரிதான் என்று சொல்லி, அபராதத்தை மட்டும் உதிரிபாக வியாபாரத்தின் அளவுக்குக் குறைத்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளம் திறந்தது.

அந்த 14 பேர் பட்டியலில் இன்னொரு பெயரும் இருக்கிறது, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். புதுப்பேட்டையில் ஒரு ரவுண்டு அடித்தால் முழு வண்டியையும் தேற்றிவிடலாம் என்று பெயர் வாங்கிய அம்பாசடரைச் செய்த கம்பெனிதான். தீர்ப்பு வருவதற்கு மூணு மாசம் முன்னாடி, 2014 மே மாசம், அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.