உயரம் குறைத்த ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டக் குறை அறிதல்

குட்டை ஸ்பிரிங் பொருத்தித் தரைக்கு நெருக்கமாக இறக்கிய கார் வளைவில் பிடிப்பை இழப்பதற்கும், மேடுபள்ளத்தில் திசை மாறுவதற்கும் காரணம் தேடும் முறை இது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை போன்ற சமதளமான நேர்ச்சாலையில் இக்குறை எளிதில் தெரியாது.

முதலில் டயரின் காற்றழுத்தத்தையும் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரோ (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) டோவோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கிறது. உயரம் குறைத்தபின் வீல் அலைன்மென்ட் செய்யாததே இதற்குப் பெரும்பாலும் காரணம். வளைவின் நடுவில் பிடிப்பு திடீரென அறுந்தால், சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறுவதும் மிக முக்கியமானதும் லோயர் ஆர்மின் சாய்வுதான். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் ஆர்மின் சக்கரப் பக்க முனை உள்முனையைவிட மேலேறிவிட்டால், ரோல் சென்டர் (வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதற்கு மையமான புள்ளி) ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாக இறங்கிவிடும். அதனால் தாழ்ந்த கார் முன்பைவிடக் கூடுதலாகச் சாய முற்படுகிறது. டை ராடின் கோணமும் மாறுவதால், ஸ்டீயரிங்கை அசைக்காமலே சக்கரம் மேட்டில் திரும்புகிறது. கடினமான ஸ்பிரிங் போடுவது இக்குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது. நீண்ட பால் ஜாயின்ட் பொருத்துவதோ உயரத்தைச் சற்று ஏற்றுவதோதான் சரியான வழி.

வேகச் சோதனையைப் பொதுச்சாலையில் செய்யக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் போன்ற மூடிய தடமே அதற்கு ஏற்றது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு மாற்றம் செய்து, டயரின் வெப்பநிலையை உள், நடு, வெளி என மூன்று இடங்களில் அளந்து ஒப்பிட வேண்டும்.