ஃபாரர் பார்க்கிலிருந்து எஸ்பிளனேடு வரை: ஒரு யுத்தகால நடை

ஊரிலிருந்து யார் வந்தாலும் முஸ்தபா, செந்தோசா, மெர்லயன் சிலை என்று ஒரு சுற்று காட்டி, பெட்டியைக் கட்டிக்கொடுத்து பிளேன் ஏற்றிவிடுகிறோம். ஆனால் லிட்டில் இந்தியாவை ஒட்டி ஒரு நாலு கிலோமீட்டர் நடந்தால் இரண்டாம் உலகப்போரில் நம் ஜனங்கள் பட்ட பாடு கண்ணில் படும். ஆபீசில் ஆணி பிடுங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் குழந்தைகள் படுத்திவிடும்.

ஆரம்பம் ஃபாரர் பார்க். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தார். இரண்டு நாள் கழித்து இங்கேதான் சுமார் 45,000 இந்திய சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். வெள்ளைக்கார சிப்பாய்கள் சாங்கிக்குப் போனார்கள். இந்தியர்களிடம், புதிதாக ஒரு தேசிய ராணுவம் அமைக்கப்போவதாக மோகன் சிங் பேசினார்.

அங்கிருந்து சிராங்கூன் ரோடு, சிலிகி ரோடு வழியாக நேரே வந்தால் கேத்தே கட்டடம். பழையதை இடித்துவிட்டு முகப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். 1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தை அறிவித்தது இங்கே. மறுநாள் பக்கத்திலுள்ள வாட்டர்லூ தெருவில் (கிருஷ்ணன் கோயில் இருக்கிறதே, அதே தெரு) ஜான்சிராணிப் படையின் முகாம் தொடங்கியது. தலைமை, சென்னையிலிருந்து டாக்டராக வந்த லட்சுமி சுவாமிநாதன். துப்பாக்கி பிடித்த பெண்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்.

நான் ஆண்டர்சன்பேட்டைக்காரன். அதனால் தோட்டம் என்றாலே எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வரும். வட ஆற்காட்டுப் பக்கம் பிழைப்பு இல்லாதபோது சிலர் கோலார் தங்கச்சுரங்கத்துக்கு வந்தார்கள், சிலர் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். இரண்டு இடத்திலும் லைன் வீடு, இரண்டு இடத்திலும் வெள்ளைக்காரத் துரை. எங்கள் ஆட்கள் யுத்தம் முழுக்க சுரங்கத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். அதுவும் சுகமில்லை, பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. ஆனால் மலாயாவுக்குப் போனவர்கள் தலையில் யுத்தமே நேராக வந்து விழுந்தது.

சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942-43இல் ஜப்பானியர் காட்டை வெட்டிப் போட்டது. அதில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் செத்தார்கள். கூலியாட்களில் செத்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கும் என்கிறார்கள். அவர்களில் ஏராளமானோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவும் பட்டினியும்தான் பெரும்பாலும். காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக ஏழாயிரம் அளவுக்கு இருக்கின்றன. கூலியாட்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. அந்த ரயிலுக்குத் தப்பவே பலர் நேதாஜி படையில் சேர்ந்தார்கள் என்று சொல்வதுண்டு. சேர்ந்தால் என்ன தப்பு? உயிர்ப் பயமும் தேசப் பற்றும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாதா?

கடைசியாக பாடாங். 1943 ஜூலை 5 அன்று படை அணிவகுத்த மைதானம். எதிரே எஸ்பிளனேடு பூங்காவில் ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்துக்கு 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார், மவுண்ட்பேட்டன் உத்தரவின்படி அதைத் தகர்த்துவிட்டார்கள். வந்ததும் செய்த முதல் வேலைகளில் அதுவும் ஒன்று, அவ்வளவு உறுத்தல்! 1995இல்தான் அந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை வைத்தார்கள். அவசரமாக நடந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

அதே பூங்காவில் செனோடாஃப் இருக்கிறது. முதல் உலகப்போரில் செத்த 124 பேரின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. ஐ.என்.ஏ. பலகையில் செத்த சிப்பாய்களின் பெயர்ப் பட்டியல் இல்லை. சயாமுக்குப் போனவர்களுக்கு நான் நடந்த இந்த வழியில் பலகையே இல்லை. பூங்காவிலிருந்து சிட்டி ஹால் எம்.ஆர்.டி. பக்கம்தான், பத்து நிமிடம்.