புல்லட் ரயிலின் முன்கதை

ஜப்பானின் புல்லட் ரயில் என்றதும் 1964தான் ஞாபகம் வருகிறது: ஒலிம்பிக்ஸ், டோக்கியோ–ஒசாகா, போரை உதறி எழுந்த தேசம். நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன். ஆனால் 'தோட்டா ரயில்' என்ற பேரே போர்க்காலத்தது. 1940இல் ஒப்புதல் பெற்ற அத்திட்டம் டோக்கியோவிலிருந்து ஷிமொனொசெகி வரை ஓடி, கடல் தாண்டிக் கொரியாவோடும் மஞ்சூரியாவோடும் இணைவதற்கானது. காலனிகளை இழுத்துக் கட்டும் கயிறு. 1943இல் வேலை நின்றது. அன்று எடுத்த நிலமும் பாதியில் விட்ட சுரங்கமும் பிறகு சமாதானத்தின் ரயிலுக்கு உதவின.

வேகம் யாருக்காக என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை. 1974இல் நகோயாவில் தண்டவாளத்தோரம் குடியிருந்தவர்கள் இரைச்சல் தாங்காமல் வழக்குப் போட்டார்கள். 1980இல் நீதிமன்றம் இழப்பீடு கொடுத்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.