கண்ணாடி போட்ட ஓட்டக்காரர்

விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால், ஒல்லிப் பிள்ளைகளும் கண்ணாடி போட்ட பிள்ளைகளும் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்கள். "அவன் நோஞ்சான் சார், அவனால ஓட முடியாது" என்று பெற்றோர்களே சொல்வதும் உண்டு. அவர்களுக்காகவே சிட்னி வூடர்சனைப் பற்றி எழுதுகிறேன்.

1914-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர் வூடர்சன். உயரம் 5 அடி 6 அங்குலம். எடை 60 கிலோகூட இல்லை. கிட்டப்பார்வை என்பதால் கண்ணாடி போட்டுக்கொண்டே ஓடுவார். வழக்கறிஞர் தொழில் செய்தவர். ஓட்டத்தால் ஒரு காசு வருமானம் கிடையாது. வேலை முடிந்த பிறகுதான் பயிற்சி.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குப் போனார். அதற்குச் சற்று முன்புதான் கணுக்காலில் அடிபட்டிருந்தது. நொண்டிக்கொண்டே ஓடி, முதல் சுற்றிலேயே வெளியேறினார். அந்த 1500 மீட்டரில் தங்கம் வென்றவர் நியூசிலாந்தின் லவ்லாக். அவரை முந்தைய ஆண்டில் வூடர்சன் தோற்கடித்திருந்தார் என்பதை நினைத்தால் நமக்கே வயிறு எரிகிறது.

ஒரு வருடம் கழித்து, 1937 ஆகஸ்டு 28-ஆம் தேதி, மோட்ஸ்பர் பார்க் திடலில் ஒரு மைல் ஓட்டம். மற்றவர்களையெல்லாம் முன்னால் நிறுத்திவிட்டு இவரைக் கடைசியில் நிறுத்தினார்கள். துரத்திப் பிடிக்க ஆள் இருந்தால்தானே வேகம் வரும்! 4 நிமிடம் 6.4 வினாடியில் உலகச் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு அதே திடலில் 800 மீட்டரை 1 நிமிடம் 48.4 வினாடியில் ஓடி, அதிலும் உலகச் சாதனை.

அப்புறம் போர் வந்துவிட்டது. பார்வைக் குறைவால் இவரைச் சண்டைக்கு அனுப்பவில்லை. லண்டனில் குண்டு விழுந்த நாட்களில் தீயணைக்கும் வேலை பார்த்தார். 1944-இல் வாதக் காய்ச்சல் கண்டு மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். இனி ஓடவே முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் 1945 ஆகஸ்டில் ஒயிட் சிட்டி அரங்கில் சுவீடன் வீரர் ஆர்னே ஆண்டர்சனோடு மோதினார். சுவீடன் போரில் சேராத நாடு. ஆண்டர்சன் போர்க்காலம் முழுதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர். இவரோ பங்கீட்டு உணவு சாப்பிட்டு, நோயிலிருந்து எழுந்து வந்தவர். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் பார்த்தது. வெறும் 0.4 வினாடியில் தோற்றார்! அடுத்த மாதம் சுவீடனுக்கே போய் மறுபடியும் அதே 0.4 வினாடியில் தோற்றார். ஆனால் அன்றைக்கு அவர் ஓடிய நேரம் 4 நிமிடம் 4.2 வினாடி. 31 வயதில், தம்முடைய பழைய உலகச் சாதனையைவிட வேகமாக!

1946-இல் ஓஸ்லோ நகரில் 5000 மீட்டர் ஐரோப்பியப் பட்டம் இவருக்கே கிடைத்தது. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஜாட்டோபெக் அன்று ஐந்தாவதாக வந்தார்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இவர்தான் தீபம் ஏந்தி வருவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். கடைசியில் அந்த வாய்ப்பை உயரமும் அழகும் உள்ள ஜான் மார்க் என்ற இளைஞருக்குக் கொடுத்தார்கள். இதை எப்போது படித்தாலும் எனக்குக் கோபம்தான் வரும்.

ஒயிட் சிட்டி கூட்டத்தில் அன்று 16 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். வூடர்சன் ஓடியதைப் பார்த்துத்தான் அவனுக்கும் மைல் ஓட்டத்தில் ஆசை பிறந்தது. அவன் பெயர் ரோஜர் பேனிஸ்டர். 1954 மே 6-ஆம் தேதி, ஆக்ஸ்போர்டில், உலகிலேயே முதன்முதலாக ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடி முடித்தவன் அவன்தான்.