தேவகோட்டை ரஸ்தாவும் பாரதி பாடல்களும்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் இரயில் காரைக்குடியைக் கடந்ததும் தேவகோட்டை ரஸ்தா என்னும் சிறு நிலையத்தைத் தொடும். ஏவி.எம். ஸ்டுடியோ ஒரு காலத்தில் இங்கேதான் இயங்கியது என்றால் என் மாணவர்கள் நம்புவதில்லை. போர்க்கால மின் நெருக்கடியால் சென்னையில் ஸ்டுடியோ நிறுவ வழியின்றிப் போகவே, ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தம் சொந்த மண்ணில் கீற்றுக் கொட்டகைகளை எழுப்பிப் படமெடுத்தார். ‘நாம் இருவர்’ (1947) அங்கே உருவானதே.

1907இல் காரைக்குடியில் பிறந்த செட்டியார் திரைத்துறைக்கு வந்தது இசைத்தட்டு வணிகத்தின் வழியாக. தந்தையாரின் கடையில் இசைத்தட்டு விற்றவர், சென்னையில் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். முதலில் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’வும் ‘ரத்னாவளி’யும் (1935) கையைச் சுட்டன. ‘நந்தகுமார்’ (1938) படத்தில் ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் முறையைக் கையாண்டார். ‘ஸ்ரீவள்ளி’யில் (1945) கதாநாயகியின் பாட்டு நிறைவளிக்கவில்லை என்று பெரியநாயகியின் குரலைப் பதித்துச் சேர்த்தார். பாட்டின் விலையைத் துல்லியமாக அறிந்த வணிகர் அவர். இதை நினைவிற்கொண்டால்தான் பின்னர் நடந்தது விளங்கும்.

பாரதி பாடல்களின் அச்சுரிமை ஒருவரிடமும், இசைத்தட்டு உரிமை சூரஜ்மல் என்னும் வணிக நிறுவனத்தாரிடமும் இருந்தன. பின்னதைச் செட்டியார் 1946இல் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். கவிஞரின் மனைவி செல்லம்மா அப்போது உயிருடன் இருந்தார். அப்பணம் அவரைச் சேரவில்லை.

‘நாம் இருவர்’ ப. நீலகண்டனின் நாடகத்திலிருந்து பிறந்த படம். டி.கே. பட்டம்மாளின் குரலுக்குக் குமாரி கமலா ஆடினார். 1947 பொங்கலையொட்டி, விடுதலைக்கு ஏழு மாதம் முன்பே, விடுதலைப் பாட்டு கொட்டகைகளில் ஒலித்தது. எழுத்தறியாத மக்களிடமும் பாரதியைக் கொண்டுசேர்த்ததில் இப்படத்துக்கு உள்ள பங்கை நாம், தமிழாசிரியர்கள், தாராளமாக ஒப்புக்கொள்வதில்லை.

மறுபக்கமும் உண்டு. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலொன்றைச் சேர்த்தபோது, உரிமை தம்முடையது என்று செட்டியார் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். காசு கொடுத்து வாங்கியவர் கேட்டது சட்டப்படி பிழையன்று. ஆனால் நாட்டின் கவியை ஒருவர் உடைமையாக வைத்திருக்கலாமா என்ற கேள்வியை அதுவே கூர்மையாக்கியது. நாரண. துரைக்கண்ணன், திருலோக சீதாராம் போன்றோர் பாரதியை விடுவிக்கக் களமிறங்கினர். சென்னை மாகாண அரசு கேட்டுக்கொண்டதும், செட்டியார் ஈட்டுத்தொகை ஏதும் பெறாமல் உரிமையை ஒப்படைத்தார். 1949 மார்ச்சில் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் பாடல்களை அரசு ஏற்பதாக அறிவித்தார். பெருந்தன்மையா, காலத்தின் நெருக்குதலா? இரண்டும் கலந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டுடியோ அதற்குள் கோடம்பாக்கம் போய்விட்டது. பாடல்கள் பொதுவான பின், எங்கள் மாவட்டத்து இராயவரத்தில் பிறந்த இன்னொரு செட்டியார், சக்தி வை. கோவிந்தன், பாரதியார் கவிதைகளை 1957இல் ஒன்றரை ரூபாய்க்கு வெளியிட்டார்.